வசந்த காலம் எப்போது தொடங்குகிறது?

‘ரபீஉல் அவ்வல்’ என்பதற்கு ‘முதல் வசந்தம்’ என்று பொருள். ஆனால் 2025ஆம் ஆண்டில் அந்த மாதம் ஆகஸ்ட் இறுதியில் வந்தது. “வசந்தம் மார்ச்சில் என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்?” என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

முதலில், பருவங்கள் ஏன் உண்டாகின்றன என்று பார்ப்போம். பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு அது சூரியனைச் சுற்றுவதால் வெப்பமும் பகல் நேரமும் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மார்ச் 20 அல்லது 21இல் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வருகிறது. அன்று உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். வானியல் கணக்கில் வடக்கு அரைக்கோளத்தின் வசந்தம் இந்த நாளில்தான் தொடங்குகிறது. ஈரானின் நவ்ரோஸ் புத்தாண்டும் இதே கணக்கில் வருவதுதான்.

வானிலை ஆய்வாளர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதவாரியாக வெப்பநிலையை ஒப்பிட வசதியாக மார்ச் 1 முதல் மே 31 வரை வசந்தம் என்கிறார்கள். தெற்கு அரைக்கோளத்தில் எல்லாம் தலைகீழ். ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் 1இல்தான் வசந்தம் பிறக்கிறது.

நம் தமிழ்க் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவங்கள். அவற்றில் வசந்தத்துக்குரியது இளவேனில். சித்திரை, வைகாசி மாதங்கள். அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. அப்போது நமக்குக் கடும் வெயில் காலம்! லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 9 மணி நேர வித்தியாசம் உண்டு. சென்னையில் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். எனவே பனி விலகி மரங்கள் துளிர்க்கும் ஐரோப்பிய வசந்தத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இனி ரபீஉல் அவ்வலுக்கு வருவோம். ஹிஜ்ரி ஆண்டு பிறையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; அதற்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிட இது சுமார் 11 நாட்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு மாதமும் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2007இல் ரபீஉல் அவ்வல் மார்ச் 20ஐ ஒட்டித் தொடங்கியது. மீண்டும் 2040 வாக்கில் மார்ச்சுக்குத் திரும்பும். மாதங்களை முன்பின்னாக மாற்றும் ‘நஸீ’ வழக்கத்தை சூரா தவ்பாவின் 37ஆம் வசனம் கண்டிக்கிறது. ஆகவே பெயர் வசந்தத்தைச் சொன்னாலும் மாதம் பருவத்தோடு கட்டப்படவில்லை.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ரமலானும் இப்படியே நகர்வதால், நீண்ட கோடைப் பகலில் நோன்பு நோற்கும் சிரமம் ஒரே நாட்டு மக்கள் மீது என்றென்றும் விழுவதில்லை.

நம் விவசாயிகள் சொல்லும் ‘ரபி’ பருவமும் இதே அரபுச் சொல்தான். குளிர்காலத்தில் விதைத்து வசந்தத்தில் அறுப்பதால் அந்தப் பெயர் வந்தது. பயிரின் ‘ரபி’ சூரியனோடு நிற்கிறது. மாதத்தின் ‘ரபீஉ’ பிறையோடு நகர்கிறது. பிள்ளைகள் கேட்டால் இதையே பதிலாகச் சொல்லலாம்.