எட்டு லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண்கள்

படைக்கு மிஞ்சிய துப்பாக்கிகளைச் சுடுகழகங்களுக்கு விற்க அமெரிக்காவில் 1905ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பின்னாளில் அவ்வழியே குடிமக்கள் கைக்குச் சென்றவற்றுள் 1903ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியும் ஒன்று. அதை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குழலையோ கட்டையையோ அன்று, ரிசீவரில் பொறித்த எண்ணையே. ரிசீவர் என்பது முன்புறம் குழலைத் தாங்கி, பின்புறம் தோட்டாவை அடைத்துப் பூட்டும் தாழை ஏற்கும் உருக்கு உடல்.

ஸ்பிரிங்ஃபீல்டு, ராக் ஐலண்டு ஆகிய இரண்டு அரசு ஆயுதச்சாலைகளிலும் தொடக்கத்தில் குறைந்த கரிமமுள்ள உருக்கைக் காய்ச்சி அடித்து ரிசீவரை உருவாக்கி, பின்னர் கரிமமேற்றிக் கடினமாக்கினர். உலோகம் போதிய அளவு காய்ந்ததா என்பதை அதன் நிறத்தைக் கொண்டு கொல்லர்கள் கண்ணாலேயே கணித்தனர். 1917இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறியபின் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தபோது, மேகமூட்ட நாளில் சரியெனத் தோன்றிய நிறம், வெயில் நாளில் 300 பாரன்ஹீட் பாகை வரை கூடுதலான வெப்பத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்று படைக்கல அதிகாரி ஜூலியன் ஹாச்சர் பதிவு செய்தார். அனுபவமிக்க கொல்லர்களின் திறமையில் குறையில்லை. அளவுகோலின்றி அவர்களை வேலை வாங்கிய முறையே பழுதானது. மிகையாகக் காய்ந்த உருக்கு உள்ளே கருகி, அழுத்தம் மீறும்போது வளையாமல் கண்ணாடிபோல் நொறுங்கியது. 1918 தொடக்கத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏறத்தாழ 8,00,000ஆம் எண்ணிலும், ராக் ஐலண்டில் 2,85,507ஆம் எண்ணிலும் வெப்பப் பதமுறை திருத்தப்பட்டது.

ஹாச்சர் தொகுத்த பட்டியலின்படி, 1917 முதல் 1929 வரை 68 ரிசீவர்கள் உடைந்தன. சிலர் கண்ணை இழந்தனர். குழல் அடைப்பும், பித்தளை உறை மென்மையாக அமைந்த பழுதுத் தோட்டாவும், தவறிப் போட்ட ஜெர்மானிய 7.92 மி.மீ. தோட்டாவும் இவற்றுள் பலவற்றுக்குத் தூண்டுதலாயின என்பது உண்மையே. ஆயினும் நல்ல உருக்கு தாங்கிக்கொள்ளக்கூடிய தவறைக் கருகிய உருக்கு தாங்காது. பழைய எண்களை முற்றிலும் விலக்க 1927இல் ஒரு குழு பரிந்துரைத்தபோதும், சுமார் பத்து லட்சம் துப்பாக்கிகளைக் கழிக்க மனமில்லாத படைத்தலைமை, பழுதாகித் திரும்புபவற்றின் ரிசீவர்களை மட்டும் அழிக்க 1928இல் முடிவு செய்தது. பெரும்படைக்கு அந்தக் கணக்கு பொருந்தியிருக்கலாம்; ஒரே துப்பாக்கியைத் தன் முகத்தருகே வைத்துச் சுடுபவருக்கு அது பொருந்தாது.

அழிக்காமல் சோதிக்கும் எளிய வழி எதுவும் வாங்குபவருக்கு இல்லை. உடைந்த ரிசீவர்களும் ஆலையில் மிகையழுத்தத் தோட்டாச் சோதனையில் தேறியவையே. கருகிய உருக்கு மறுமுறை பதப்படுத்தினாலும் சீராகவில்லை. முன்குறிக்குப் பின்னால் குழலில் காணும் ஆண்டையும் நம்ப இயலாது. படைப் பட்டறைகள் பழைய ரிசீவர்களில் புதுக்குழல்களைப் பொருத்தியிருந்தன. மிகைத் துப்பாக்கி விற்பனையை 1996க்குப் பின் ஏற்று நடத்தும் குடிமக்கள் குறிசுடல் அமைப்பும், பதமுறை திருத்தப்பட்ட அவ்விரு எண்களுக்குக் கீழ்ப்பட்ட எண்களைக் கொண்டவற்றைச் சுட வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.