கல்கத்தா மைதானமும் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும்

'லீக்' என்னும் சொல் நம் இல்லங்களில் ஒலித்தால் பெரியவர்களின் நினைவு காயிதே மில்லத் அவர்களிடமும் பச்சைப் பிறைக்கொடியிடமும் செல்வதே வழக்கம். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட லீக் வேறு. அது கட்சியன்று, கால்பந்துப் பந்தயம். ஆயினும் 1930-களில் கல்கத்தாவில் வாழ்ந்த முஸ்லிம் ஒருவரிடம் 'லீக் என்ன ஆயிற்று?' என்று கேட்டிருந்தால், அவர் எந்த லீக்கைப் பற்றி விடை சொல்லியிருப்பார் என்பது ஐயத்திற்குரியதே.

கல்கத்தா கால்பந்து லீக் 1898-ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆசியாக் கண்டத்தில் இதனினும் பழைய லீக் இல்லை என்பர். கோட்டையில் தங்கியிருந்த பட்டாளத்து அணிகளும், வெள்ளை வணிகர்களும் உத்தியோகஸ்தர்களும் அமைத்த கழகங்களும் தமக்குள் ஆடிக்கொள்வதற்காக ஏற்படுத்தியது அது. இந்தியர்க்கு அங்கே இடமில்லை. பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை. வில்லியம் கோட்டையின் சரிவிலும் மரக்கிளைகளிலும் அமர்ந்து பார்க்கலாம்!

1911-இல் மோகன் பாகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றிய செய்தி நாடறிந்தது. நாடு அவ்வளவாக அறியாத ஒன்றை ஈண்டுக் குறிப்பிட விழைகிறோம். வெற்றி பெற்ற பதினொருவருள் முஸ்லிம் எவரும் இலர். ஆயினும் அன்று கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'முசல்மான்' என்னும் ஆங்கில வார ஏடு, தங்கள் இந்துச் சகோதரர்களின் வெற்றியைக் கண்டு முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் பித்துப் பிடித்தவர்போல் தரையில் புரண்டு மகிழ்ந்தனர் என்று எழுதியது. (நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் பிறந்த, கையால் எழுதி அச்சிடும் உருது நாளேடான 'முசல்மான்' வேறு, பெயர்தான் ஒன்று.) பின்னால் நாம் சொல்லவிருக்கும் கசப்புகளைப் படிக்கும்போது வாசகர்கள் இந்த 1911-ஐ மறவாதிருக்க வேண்டுகிறோம்.

ஷீல்டு வேறு, லீக் வேறு. ஷீல்டில் தோற்றவன் வெளியேறுவான். நான்கைந்து ஆட்டங்களில் உடலும் அதிர்ஷ்டமும் ஒத்துழைத்தால் கோப்பை கைக்கு வந்துவிடும். லீக்கில் ஒவ்வோர் அணியையும் இருமுறை எதிர்கொள்ள வேண்டும். வெற்றிக்கு இரு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என மே மாதம் தொடங்கி மழைக்காலம் முழுவதும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் வீரம் அங்கே செல்லாது. போதாக்குறைக்கு டிவிஷன் என்னும் படிகள் வேறு. கீழ்ப் படியில் ஆடித் தேறினால்தான் மேற்படி. 1914-இல்தான் மோகன் பாகானும் ஏரியன் கழகமும் இரண்டாம் டிவிஷனில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு மோகன் பாகான் முதல் டிவிஷனுக்கு ஏறிற்று. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கலாகாது என்றொரு விதியும் இருந்தது. விளையாட்டில் இப்படியும் ஒரு விதியா என்று இன்று நகைக்கத் தோன்றும். அன்று அதை உடைக்கப் பெரும் வழக்காட வேண்டியிருந்தது. ஈஸ்ட் பெங்கால் கழகம் கீழிருந்து தகுதி பெற்று வந்து கதவைத் தட்டிய பின்னரே, 1925-இல் அவ்விதி ஒழிந்தது.

முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் தோன்றியது 1891-இல். நாற்பது ஆண்டுகள் அதன் வாழ்வு பெரும்பாலும் எளிய வாழ்வே. இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த அக்கழகத்தை 1930-களின் தொடக்கத்தில் உலுக்கி எழுப்பியவர் அதன் செயலாளராயிருந்த சி. ஏ. அஜீஸ். அவர் செய்தவை இரண்டு. இரண்டுமே அக்காலத்தில் பலர் முகஞ்சுளிக்கச் செய்தவை.

முதலாவது, வங்காளத்தில் கிடைப்பவர்களே போதும் என்றிராமல், இந்தியாவெங்கும் ஆள் தேடினார். பெங்களூரிலிருந்து பலர் போனார்கள். அந்நகரின் பட்டாளத்து முகாமைச் சுற்றி வளர்ந்த கால்பந்துக்கு நம் தென்னகத்தில் இணையில்லாதிருந்த காலம் அது. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் கழகம் 1937-இல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியாயிற்று என்பதையும், மறு ஆண்டும் அதையே வென்றது என்பதையும் நோக்கினால் அஜீஸின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும். 'கூலிக்கு ஆள் பிடித்து வந்து ஆடுகிறார்கள்' என்ற ஏச்சு எழுந்தது. பிற்காலத்தில் எல்லாக் கழகங்களும் அதையே செய்தன, ஏசியவர்களும் செய்தனர்.

இரண்டாவது, பூட்ஸ். இந்திய ஆட்டக்காரர்கள் அன்று வெறுங்காலில்தான் ஆடினார்கள். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு ஈடில்லை. பந்து விரல்களுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். ஆனால் கல்கத்தாவில் ஜூன் மாத நடுவில் மழை இறங்கிவிடும். அதன்பின் மைதானம் சேறு. மே மாதத்தில் சிங்கங்களாகத் திரிந்த இந்திய அணிகள் ஜூலையில் வழுக்கி விழுந்து புள்ளிகளை இழக்கும். ஆணி பதித்த பூட்ஸோடு பட்டாளத்தார் அவர்களைத் தாண்டிப் போய்விடுவர். ஆண்டுதோறும் இதே கதை. வெறுங்கால் நமது மரபு என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்களேயன்றி, ஈரத் தரைக்கு வேறு கால் வேண்டும் என்று எண்ணிச் செயற்பட்டார் அரியர். ஈரமான நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடும்படி தம் ஆட்டக்காரர்களை அஜீஸ் பழக்கினார். உலர்ந்த நாளில் வெறுங்கால், மழை நாளில் பூட்ஸ். கேட்பதற்கு இது எத்துணை எளிது! எளியதைச் செய்ய மோகன் பாகானின் ஷீல்டு வெற்றிக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1933-ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1934-இல் அங்கே அது புதிய அணி. படியேறி வந்த அணி முதல் ஆண்டில் மீண்டும் கீழே தள்ளப்படாமல் தப்பித்தால் போதும் என்பதே உலக வழக்கு. அப்போது லீக்கின் கோ டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி என்னும் பட்டாளத்து அணி. 1931, 1932, 1933 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றிருந்தது. அதற்கு முந்திய 1930-இல் நாடு முழுதும் எழுந்த சட்டமறுப்புக் கொந்தளிப்பில் லீக்கே முற்றுப்பெறாமல் நின்று போயிற்று. முப்பத்தாறு ஆண்டுகளில் ஓர் இந்திய அணியும் லீக்கை வென்றதில்லை.

1934-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றது. வந்த முதல் ஆண்டிலேயே வென்றது. கோல் காக்க உஸ்மான். தடுப்பில் ஜும்மா கான். முன்வரிசையில் ரஷீத், ரஹீம், அப்பாஸ் போன்றோர். கால்பந்து மந்திரவாதி என மக்கள் அழைத்த சையது அப்துஸ் ஸமதும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்க ஓரத்தில் மட்டியாபுருஜைச் சேர்ந்த இளைஞர் முகம்மது சலீம். அவத் நவாபு வாஜித் அலீ ஷா நாடிழந்து வந்து தங்கிய ஊர் அந்த மட்டியாபுருஜ். சலீமைப் பற்றிச் சில வரிகள் கூடுதலாகச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1936-இல் அவர் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். புகழ்பெற்ற செல்டிக் கழகத்தார் அவரைச் சோதித்துப் பார்த்தனர். பூட்ஸ் அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு அக்கழகத்தின் இரண்டாம் அணிக்காக இரு ஆட்டங்கள் ஆடி, அவ்வூர் மக்களை மலைக்க வைத்தார். தங்கிவிடும்படி கழகத்தார் விரும்பினர். ஊர் நினைவு வாட்டியதால் அவர் திரும்பி வந்துவிட்டார்.

1934-க்குப் பின் அக்கழகம் நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938 என ஐந்தாண்டுகள் தொடர்ந்து லீக் அதன் கையில். 1936-இல் ஷீல்டும் சேர்ந்துகொண்டது. வங்காளத்தின் உள்மாவட்டங்களில் ஆட்டத்தையே பார்த்திராத உழவர்கள்கூட முகம்மதன் அணி கோல் போட்டதா என்று கேட்டறிந்தனர். வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் பின்தங்கி, 'உங்களால் என்ன ஆகும்?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்த ஒரு சமுதாயத்திற்கு அந்த ஐந்து பருவங்கள் என்னவாக இருந்தன என்பதை எழுத்தில் வடிப்பது கடினம்.

ஆனால் சரித்திரம் எழுதப் புகுந்தவர்கள் இனிப்பை மட்டும் பரிமாறலாகாது. 1932-இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. 1937-இல் ஃபஸ்லுல் ஹக் தலைமையில் வங்காளத்தில் அமைச்சரவை ஏற்பட்டது. சட்டமன்றத்தில் நடந்த இழுபறி மைதானத்திலும் நுழைந்தது. 1934-இல் 'வெள்ளையரை வென்ற இந்திய அணி' என்று கைதட்டியவர்களுள் பலர், 1938-க்குள் 'அவர்கள் அணி' என்று சொல்லத் தொடங்கிவிட்டனர். நம் தரப்பில் குற்றமே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆட்டத்தில் பெற்ற வெற்றியை அரசியல் மேடையில் செலவழித்தவர்கள் நம்மவரிலும் உண்டு; ரெஃபரியின் ஒவ்வொரு ஊதலிலும் சதி கண்டவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. 1939-இல் சங்கத்தோடு பிணங்கி முகம்மதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் உள்ளிட்ட சில கழகங்கள் லீக்கிலிருந்து விலகின. அந்தப் பிணக்கில் கூட்டுச் சேர்ந்தவர்கள் ஒரே மதத்தார் அல்லர் என்பது கவனிக்கத் தக்கது. அவ்வாண்டு மோகன் பாகான் முதன்முறையாக லீக்கை வென்றது. சமரசம் ஏற்பட்டு 1940-இல் திரும்பி வந்த முகம்மதன் அணி லீக், ரோவர்ஸ் கோப்பை, டியூரண்ட் கோப்பை மூன்றையும் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் புதுதில்லி இர்வின் அரங்கில் ராயல் வார்விக்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 எனத் தோற்கடித்து, டியூரண்ட் கோப்பையைப் பட்டாளத்தார் அல்லாத இந்திய அணி ஒன்று பெற்றது அதுவே முதல்முறை.

பிறகு 1946 ஆகஸ்டு 16. அதே மைதானத்தில், ஆக்டர்லோனி ஸ்தூபியின் அடியில் கூட்டம் கூடிய அந்த நாளையும், கல்கத்தாவின் தெருக்களில் அதனையொட்டி நான்கு நாட்கள் ஓடிய குருதியையும் இங்கே விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர், இரு சமுதாயத்தாரும் இறந்தனர். நாடு பிரிந்தது. முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் ஆதரவாளர்கள் பலர் எல்லை கடந்து டாக்காவுக்குச் சென்றனர். கழகத்தின் கதை முடிந்தது என்றே பேசிக்கொண்டனர்.

1948-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் மீண்டும் லீக்கை வென்றது.

அடுத்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐவர் ஒன்றாக ஆடினார்கள்: தன்ராஜ், அப்பாராவ், வெங்கடேஷ், சாலே, அகமது கான். கல்கத்தா மக்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றழைத்தனர். ஐவருமே தென்னாட்டவர், பாண்டவருள் இருவர் முஸ்லிம்கள். பெங்களூரின் அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். முகம்மதன் அணிக்கு ஆள் தந்த அதே பெங்களூர்தான் இவரையும் தந்தது.

முகம்மதன் ஸ்போர்ட்டிங் பின்னர் 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் லீக்கை வென்றது. அதன்பின் நாற்பதாண்டு வறட்சி. 2021-இல் அது மீண்டும் வென்றபோது, முந்திய வெற்றியைக் கண்ணால் கண்டிருந்த இளைஞர்கள் பேரன் பேத்தி எடுத்திருந்தனர். 2022-லும் 2023-லும் லீக் அதற்கே கிடைத்தது. பழைய நாளைப் போலவே கீழ்ப்படியில் வென்று மேற்படிக்கு ஏறி, 2024-இல் அது இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் பெற்றது.