காணும் பொங்கலும் உயிர் காலேஜும்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வண்டலூர் உயிரியல் பூங்காவின் வாசலில், உள்ளே போகும் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். பெற்றோரின் கைபேசி எண் அதில் இருக்கும். நெரிசலில் கைநழுவிப் போகும் பிள்ளையை யார் கண்டெடுத்தாலும் அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் பல்லாயிரம் பேர் வந்து குவியும் இடத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் ஆகாது.

இந்தக் கூட்டத்துக்கு வண்டலூரைவிட வயது அதிகம். சொல்லப்போனால் சென்னையில் மிருகக்காட்சிசாலை என்று ஒன்று உருவாவதற்கே கூட்டம்தான் காரணம்.

மதராஸ் அரசு அருங்காட்சியகம் 1851இல், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று பெயர் பெற்ற கட்டடத்தின் மாடியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் எழும்பூரின் பாந்தியன் வளாகத்துக்கு மாறிவிட்டது. பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர், ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் அறுவை மருத்துவர். கற்களும் எலும்புகளும் சங்குகளும் அடுக்கிய கூடத்தோடு, உயிருள்ள புலி ஒன்றையும் சிவிங்கி ஒன்றையும் அவர் வளாகத்தில் வைத்திருந்தார். பட்டணத்து ஜனங்கள் கல்லையும் எலும்பையும் தாண்டிப் புலியைப் பார்க்கத் திரண்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவதைக் கண்ட பால்ஃபர், 1855இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையெல்லாம் கொடையாக வாங்கிவிட்டார். அதே ஆண்டு நவாபு குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் நவாபுப் பட்டத்தை ஒழித்தார்கள், சொத்துக்குக் கணக்கு எழுதினார்கள். அவருடைய விலங்குகள் மட்டும் ஊர்ச் சொத்தாக மிஞ்சின. ஓராண்டுக்குள் பால்ஃபரிடம் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் சேர்ந்துவிட்டன.

இந்தியாவின் முதல் மிருகக்காட்சிசாலை இதுதான் என்று சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் கல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் வெல்லெஸ்லி பிரபு அரை நூற்றாண்டுக்கு முன்பே விலங்குகளைக் கூண்டில் அடைத்து வைத்திருந்தார். அது கவர்னர் ஜெனரலின் மாளிகைத் தோட்டம். மதராஸில் இருந்தது, குடியானவன் குடும்பத்தோடு வந்து பார்க்கும் இடம். யார் முதல் என்ற வழக்கில் இந்த வித்தியாசத்துக்கு எடை உண்டு.

அருங்காட்சியகத் தோட்டத்தில் இடம் போதவில்லை. 1860களின் தொடக்கத்தில் விலங்குகள் நகராட்சியின் கைக்கு மாறி, பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. 116 ஏக்கரில் குளமும் பாதையுமாக விரிந்த அந்தப் பூங்கா, கவர்னர் சார்லஸ் டிரெவெலியனின் யோசனை. வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்தார் என்பதற்காக 1860இல் அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மனிதர் போனாலும் பூங்கா வளர்ந்தது. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று இன்றும் வழங்கும் பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே போன விலங்குகளின் இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘உயிர் காலேஜ்’. எழும்பூரில் பாடம் செய்யப்பட்ட உடல்களோடு தங்கிவிட்ட அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. காணும் பொங்கலுக்குப் பட்டணம் வரும் குடும்பத்தின் திட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ரயிலில் வந்து எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இறங்கியவர்கள் உண்டு. புளிசாதமும் தயிர்சாதமும் மூட்டையாகக் கூடவே வரும். மரநிழலில் இலையை விரித்துச் சாப்பிடுவதுதான் பயணத்தின் பாதி மகிழ்ச்சி. புலி, சிங்கம், குரங்கு எல்லாம் அதற்குச் சாக்கு என்று சொன்னாலும் தப்பில்லை. 1895 முதல் 1953 வரை பட்டணத்தில் மின்சார டிராம் ஓடியது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஏறுவதே ஒரு வேடிக்கை.

பூங்காவுக்கு இருண்ட நாளும் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் அங்கே ஒரு பெரிய சந்தை கூடும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையில் தீப்பிடித்து, வேடிக்கை பார்க்க வந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பண்டிகைக் கூட்டம் என்றால் அதிகாரிகள் பதறுவதற்குச் சென்னையில் நெடுங்காலத்துக் காரணம் இருக்கிறது.

பிறகு நகரம் பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விக்டோரியா மண்டபம் எழுந்தது, 1900இல் மூர் மார்க்கெட் திறந்தது, 1913இல் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கும் வந்தது. மிருகக்காட்சிசாலை ஒரு மூலைக்கு ஒதுங்கியது. ஆனால் குடும்பங்களுக்கு இந்த நெருக்கடியே வசதியாக அமைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் சிங்கக் கூண்டு, மதியம் கட்டுச்சோறு, சாயங்காலம் மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் விற்ற அந்தச் சந்தையில் கிளி, முயல், வெள்ளெலி விற்கும் கடைகளும் இருந்தன. இத்தனைக்கும் சில நிமிட நடைதான். கைக்குழந்தையோடு வந்தவர்களும் சிரமப்படவில்லை. புலி இரும்புக் கம்பிக்கு அந்தப்பக்கம், பிள்ளை இந்தப்பக்கம், தேடவே வேண்டாம்.

அந்தக் கம்பிதான் சிக்கலும். இடுங்கிய கூண்டுக்குள் முன்னும் பின்னுமாக நடந்தபடியே ஒரு மிருகம் ஆயுளைக் கழித்தது. சுற்றிலும் ரயில் சத்தமும் வண்டிப் புகையும். ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் 1907இலேயே ஹாம்பர்க் அருகே கம்பிகளை எடுத்துவிட்டு, அகழி வெட்டி, அந்தப்புறம் விலங்குகளைத் திறந்தவெளியில் உலவவிட்டார். அந்த முறை மதராஸுக்கு வந்துசேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970களின் நடுவில், இனி இங்கே விரிவாக்க வழியில்லை என்று தெளிவானது. வனத்துறை 1976இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியது. 1979இல் வேலை தொடங்கியது.

காடு என்று பெயர்தானே தவிர, விறகுக்கு வெட்டியும் ஆடுமாடு மேய்த்தும் அது முட்புதராகிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் கன்று நட்டு வளர்த்த பிறகே இப்போது நாம் பார்க்கும் நிழல் கிடைத்தது. மரம் அழிந்தால் மழை குறையும், பஞ்சம் வரும் என்று 1840களிலேயே மதராஸில் எழுதியவர் வேறு யாருமில்லை, அதே பால்ஃபர்தான். அவர் தொடங்கிய மிருகக்காட்சிசாலை கடைசியில் ஒரு காட்டை வளர்க்கும் வேலையாக மாறியதில் ஒரு பொருத்தம் தெரிகிறது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. எட்டு வாரத்துக்குள், ஜூலை 24 அன்று, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். பட்டணத்துக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பழகிய ஒருநாள் திட்டத்தின் இரண்டு தூண்களும் ஒரே கோடையில் போயின.

வண்டலூர் விலங்குகளுக்கு நன்மை செய்தது, அதில் வாதமில்லை. குடும்பங்களுக்கோ எல்லாம் மாறிப்போனது. நகரின் நடுவில் இருந்த இடம் தாம்பரத்தையும் தாண்டிப் போனது. செங்கல்பட்டு மின்ரயிலைப் பிடித்து வண்டலூரில் இறங்க வேண்டும், இல்லையென்றால் பேருந்தில் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து போக வேண்டும். உள்ளே போனால் நடை, நடை, மேலும் நடை. அகழிக்கு அப்பால் புதர்மறைவில் படுத்திருக்கும் புலியைக் கண்டுபிடிக்க வேண்டும். “புலி எங்கேப்பா?” என்று கேட்கும் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டும் அப்பாக்களுக்கு, கூண்டுக் காலத்துத் தாத்தாக்கள் படாத பாடு. மின்கல வண்டிகள் வந்த பிறகு தோள்வலி கொஞ்சம் குறைந்தது.

விலங்குக்குக் கடலை போடும் பழக்கம் அடுத்துப் போனது. குரங்குக்குக் கடலை எறியாமல் திரும்பினால் அந்த நாள் வீண் என்று ஒரு தலைமுறையே நினைத்தது. 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, மிருகக்காட்சிசாலையில் விலங்குகளைச் சீண்டுவதும் அவற்றுக்குத் தீனி போடுவதும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் குப்பை போடுவதும் குற்றமாயின. மறு ஆண்டு வந்த விதிகள், வாரம் ஒருநாள் பார்வையாளரை விடாமல் விலங்குகளுக்கு ஓய்வு தர வேண்டும் என்றன. வண்டலூர் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டது. பள்ளி விடுமுறையில் அது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பொங்கல் விடுமுறையில் செவ்வாய் வந்தால் மட்டும் திறந்து வைப்பது வழக்கம். விதி ஒருபுறம், காணும் பொங்கல் மறுபுறம். எது வெல்லும் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

நடக்கப் பழகும் வயதுப் பிள்ளை இருந்தால் பலர் கிண்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே சிறுவர் பூங்காவும், 1972இல் ராமுலஸ் விட்டேக்கர் கொண்டுவந்து அமைத்த பாம்புப் பண்ணையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு முற்பகலில் முடித்து வீடு திரும்பலாம். பழைய உயிர் காலேஜின் கைக்கெட்டும் தூரம் இப்போது இருப்பது வண்டலூரில் அல்ல, கிண்டியில்.

வண்டலூர் நிம்மதியாகவும் இருந்ததில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நட்டு முப்பது ஆண்டு வளர்த்த நிழல் ஒரே பகலில் போயிற்று. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைத் தொற்றியது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் முதலில் இறந்தது, இன்னொரு சிங்கமும் பிறகு இறந்தது. பார்வையாளரே இல்லாமல் கதவு பூட்டியிருந்த நேரம் அது.

இத்தனைக்குப் பிறகும் காணும் பொங்கலுக்குப் புளிசாத மூட்டை வருகிறது. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் உள்ளே போகாது. பழக்கப்பட்ட குடும்பங்கள் இலையும் எவர்சில்வர் தூக்குமாக வருகின்றன, அதுவும் காலையிலேயே. வெயில் ஏறினால் பெரிய பூனைகளெல்லாம் நிழல் தேடி உறங்கப் போய்விடும். மாலையானால் இரை வைத்து இரவுக் கூடத்துக்குள் அழைத்துவிடுவார்கள்.