சம்மனுக்கு ஒளிந்தவர்கள்

ஒருவர் மீது வழக்குத் தொடுத்தால், அச்செய்தி அவர் காதில் விழுந்த பின்னரே விசாரணை தொடங்க வேண்டும். எதிர்தரப்பின் சொல்லைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட நெறி. ஆனால் கேட்பதற்கு அவர் அகப்பட வேண்டுமே! "ஐயா ஊரில் இல்லை" என்று வேலைக்காரனை விட்டுச் சொல்லச் செய்பவரையும், வாசலில் கோர்ட்டுச் சேவகன் நிற்பதைக் கண்டு கொல்லைப்புறமாக நழுவுபவரையும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன செய்யும்? தேடும், காத்திருக்கும், ஆள் வைத்து வேவு பார்க்கும். அந்தத் தேடலும் வேவும் எதுவரை போகலாம் என்ற கேள்வியால் நம் நாட்டில் ஒரு முறை நீதிமன்றத்தின் ஆட்களும் அரசாங்கத்தின் படையும் நேருக்கு நேர் நின்றதுண்டு. அந்த வரலாற்றை இன்று சற்று நினைவுகூர்வோம்.

நீதிமன்றச் சேவகர்கள் தோன்றுவதற்கு முன்னர், கடன் கொடுத்தவரே காவல்காரராகவும் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இங்கே கண்ட வழக்கம் ஒன்றை வியந்து எழுதியிருக்கிறார். தவணை சொல்லிச் சொல்லி ஏய்ப்பவனைக் கடன் கொடுத்தவன் எங்கேனும் கண்டுவிட்டால், அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடுவான். கடனைத் தீர்க்காமல், அல்லது தக்க பிணை கொடுக்காமல், அந்த வட்டத்தைத் தாண்டலாகாது. வெளிநாட்டு வணிகன் ஒருவன் அரசனையே குதிரையோடு சேர்த்து வட்டத்துள் நிறுத்தியதையும், வணிகன் மனநிறைவு கொள்ளும்வரை அரசன் அசையாமல் நின்றதையும் நேரில் பார்த்ததாகப் போலோ கூறுகிறார். வடநாட்டில் 'தர்ணா' என்ற முறை இருந்தது. கடன்காரன் வாசலில் சென்று உண்ணாமல் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்தவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் பாவம் வீட்டுக்காரனைச் சேரும் என்ற அச்சமே அதன் ஆயுதம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வ சாபத்தைக் காட்டி அச்சுறுத்தும் குற்றத்துக்கு இந்தத் தர்ணாவையே உதாரணமாகக் காட்டியது. இன்று அரசியல் மேடைகளில் அடிபடும் சொல் கடன் வசூலில் பிறந்தது என்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த முறை வேறு. அவர்கள் நாட்டில், கடன் வழக்கில் வாதி சத்தியம் செய்து பிராது கொடுத்தாலே எதிரியைப் பிடித்து வரக் கைது ஆணை பிறக்கும். விசாரணை பிறகுதான். எனவே கடன்பட்டோர் ஒளிந்தனர். ஷெரீபின் ஆட்கள் மோப்பம் பிடித்துத் திரிந்தனர். ஒளிபவருக்கும் சில சலுகைகள் இருந்தன. தனியார் வழக்குக்காக வீட்டின் வெளிக்கதவை உடைத்து நுழையலாகாது என்று 1604இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய ஆணைகளைச் சார்வு செய்யலாகாது என்று 1677ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆறு நாள் கதவடைத்துக் கிடந்தவர் ஏழாம் நாள் நல்லுடை உடுத்து வீதியில் உலாவலாம். 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீபோ 1692இல் கடனில் மூழ்கி நொடித்தவர். அவர் பிரிஸ்டல் நகரில் ஞாயிறு மட்டும் வெளியே வந்து 'ஞாயிற்றுக்கிழமைக் கனவான்' என்று பெயர் வாங்கியதாக ஒரு கதை வழங்குகிறது.

இந்தச் சட்டம் 1774இல் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. அவ்வாண்டு அங்கே சுப்ரீம் கோர்ட்டு நிறுவப்பட்டது. எலிஜா இம்பே தலைமை நீதிபதி. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரல். கோர்ட்டின் அதிகாரம் யார் யார் மேல் செல்லும் என்பதை அந்தக் கோர்ட்டை அமைத்த சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. கல்கத்தாவுக்கு வெளியே, வங்காளத்தின் உள்நாட்டில் வாழும் ஜமீன்தார் அதற்குக் கட்டுப்பட்டவரா? ஆம் என்றது கோர்ட்டு. இல்லை என்றது கவுன்சில்.

மேதினிப்பூர் மாவட்டத்தில் காசிஜோரா என்றொரு ஜமீன். அதன் ராஜா, கல்கத்தாவைச் சேர்ந்த காசிநாத் பாபு என்பவரிடம் பெருந்தொகை கடன் வாங்கியிருந்தார். பணம் திரும்பவில்லை. 1779 ஆகஸ்டில் காசிநாத் பாபு சுப்ரீம் கோர்ட்டில் பிராது கொடுத்தார். ராஜாவைப் பிடித்து வரக் கைது ஆணை புறப்பட்டது. செய்தி எட்டியதும் ராஜா மறைந்துவிட்டார். ஆணையைக் கொண்டு சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். தாம் ஒருபோதும் ஏற்றிராத ஒரு கோர்ட்டு. அகப்பட்டால் தொலைவிலுள்ள நகரத்தில் சிறை, அல்லது பெருந்தொகைக்கு ஜாமீன். கடன் உண்மையே ஆயினும், அந்தத் தாளைக் கண்டு ஓடியவரின் அச்சமும் உண்மையே. காசிநாத் பாபுவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பணம் கொடுத்தவர் வேறெங்கே போவார்?

ராஜா ஒளிந்ததால் ஜமீன் வரிவசூல் நின்றது. மாவட்ட கலெக்டர் கல்கத்தாவுக்கு எழுதினார். வரி என்றதும் கம்பெனி விழித்துக்கொண்டது. கம்பெனியின் ஊழியராகவோ, தாமே கோர்ட்டை ஒப்புக்கொண்டவராகவோ இல்லாத ஜமீன்தார்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று கவுன்சில் விளம்பரம் செய்தது. கோர்ட்டு விடவில்லை. ஆள் அகப்படாவிட்டால் சொத்தைப் பிடித்து ஆளை வரவழைக்கலாம் என்று ஜப்தி ஆணை பிறப்பித்தது. ஆயுதம் தாங்கிய ஏறத்தாழ 60 பேர் ஷெரீபின் சார்பில் காசிஜோராவுக்குச் சென்றனர். வேலையாட்களை அடித்தார்கள், அந்தப்புரத்துக்குள் நுழைந்தார்கள், பூசையறையைத் தீட்டுப்படுத்தினார்கள் என்று ராஜா முறையிட்டார்.

இப்போது ஹேஸ்டிங்ஸ் மேதினிப்பூரிலிருந்த படைத்தலைவர் கர்னல் அமுட்டிக்கு உத்தரவிட்டார். சிப்பாய்கள் சென்று ஷெரீபின் ஆட்களைச் சிறைப்பிடித்தனர். ஒருவரைக் கைது செய்யச் சென்றவர்கள் தாமே கைதாயினர்! சினமுற்ற கோர்ட்டு, கம்பெனியின் வழக்கறிஞர் நார்த் நெய்லரை அவமதிப்புக்காகச் சிறையிலிட்டது. காசிநாத் பாபு கவர்னர் ஜெனரல் மீதும் கவுன்சிலர்கள் மீதும் வழக்குத் தொடுக்க, அவர்களுக்கும் சம்மன் சென்றது. அரசாங்கக் கடமையில் செய்த செயலுக்காக வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். ராஜா ஒளிந்து செய்ததை, கவர்னர் ஜெனரல் கல்கத்தாவில் நாற்காலியில் அமர்ந்தே செய்தார் எனலாம். 1780 மார்ச்சில் காசிநாத் பாபு வழக்குகளைத் திரும்பப் பெற்றதால் மேற்கொண்டு விபரீதம் நேரவில்லை. 1781இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, நிலம் வைத்திருப்பதனாலேயே ஜமீன்தார்கள் அந்தக் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவராக மாட்டார்கள் என்றும், கவர்னர் ஜெனரலும் கவுன்சிலும் பதவிமுறையில் செய்தவற்றுக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் வகுத்தது.

கல்கத்தா நகரத்துக் கடனாளிகளுக்கு இத்தனை தொல்லை வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் சற்று மேலே போனால் டேனிஷ்காரரின் ஸ்ரீராம்பூர். இன்னும் மேலே பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர். படகேறிவிட்டால் ஷெரீபின் கை எட்டாது.

காசிஜோராவில் நடந்தவை மீண்டும் நடவாதிருக்கவோ என்னவோ, பின்னர் வந்த சட்டங்கள் சேவகனின் கைகளை நன்றாகவே கட்டின. 1859இல் முதல் சிவில் நடைமுறைச் சட்டம். இன்றும் நடப்பிலுள்ளது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, சிவில் வழக்கில் முதலில் வருவது அழைப்பு மட்டுமே. ஆள் இல்லையெனில் வீட்டிலுள்ள வயதுவந்த குடும்பத்தினர் ஒருவரிடம் கொடுக்கலாம். வேலைக்காரரிடம் கொடுத்தல் செல்லாது. வாங்க மறுத்தாலோ, முயன்றும் காணாவிட்டாலோ, வெளிக்கதவில் நகலை ஒட்டி, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரையும், எவர் முன்னிலையில் ஒட்டினான் என்பதையும் சேவகன் எழுதித் தரவேண்டும். அவனைச் சத்தியத்தின் மேல் விசாரிக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. போகாமலே போனதாக எழுதும் பழக்கத்தை அறிந்தவர்களே இவ்விதியைச் செய்திருப்பார்கள் என்பது நம் எண்ணம். பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், பத்திரிகை விளம்பரத்தாலும் சம்மன் சார்வு செய்யலாம். அது நேரில் கொடுத்ததற்குச் சமம். 'குடும்பத்தினர்' என்ற சொல்லில் பெண்களைச் சேர்க்க 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியிருந்தது. குற்றவியல் சம்மனை வீட்டுப் பெண்கள் பெறலாம் என்ற நிலை 2024 ஜூலை 1இல் புதுச்சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான் ஏற்பட்டது.

இவ்விதிகளில், வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளிந்திருப்பவரும் பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்றவரும் பூட்டிய கதவின் முன் நிற்கும் சேவகனுக்கு ஒன்றே. புனேயிலோ தில்லியிலோ வேலை பார்ப்பவரின் பூர்வீக வீட்டுக் கதவில் பாகப்பிரிவினை வழக்கின் சம்மன் ஒட்டப்படுகிறது. மழை அதைக் கரைக்கிறது. கோர்ட்டில் அவர் வராதவராகப் பதிவாகித் தீர்ப்பு ஒருதலையாக முடிகிறது. சம்மன் முறைப்படி சார்வாகவில்லை என்று காட்டினால் அத்தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேராதவர்க்கு, தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அக்கெடு தொடங்கும். விசாரணைத் தேதி தமக்கு வேறு வழியில் முன்கூட்டியே தெரிந்திருந்தால், சார்வில் நேர்ந்த சிறு குறையைக் காட்டித் தப்ப முடியாது. முகவரி தெரிந்தால் சம்மன் வேற்று மாநிலக் கோர்ட்டு வழியாகவும் வரும். அங்குள்ள சேவகனின் அறிக்கை மராத்தியில் இருந்தால், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பும் உடன் செல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வீடு மாறினாலும் பலரிடம் தொலைபேசி எண் மாறுவதில்லை. 2017இல் ஹரியானாவில் ஒரு நிலத்தகராறில், காட்மாண்டு சென்று முகவரி தர மறுத்த ஒருவருக்கு வாட்ஸ்அப் வழியாகச் சம்மன் அனுப்ப, வருவாய் வழக்கை விசாரித்த அசோக் கெம்கா ஆணையிட்டார். 2018இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜி. எஸ். படேல், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்ததோடு திறக்கவும் பட்டது என்பதை அதிலுள்ள குறிகளால் அறிந்து, அதைச் சார்வாக ஏற்றார். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை 10இல், உச்ச நீதிமன்றமும் மின்னஞ்சலோடு சேர்த்து இவ்வழியை அனுமதித்தது. வாசலில் காத்துக் கிடந்த சேவகனின் வேலையை இரண்டு சிறு கோடுகள் செய்கின்றன. பழைய சேவகன் வீட்டு வாசலோடு நின்றான். இந்தக் கருவியோ ஒருவர் எங்கிருக்கிறார், எப்போது விழித்திருக்கிறார் என்பதையும் காட்டிக்கொடுக்க வல்லது.

ஆகவே எல்லை வகுக்கும் வேலை மறுபடியும் தொடங்கியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது. ஜாமீனில் வந்தவர் தாம் இருக்குமிடத்தைக் கூகுள் வரைபடத்தில் போலீசாருக்கு ஓயாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலை 8இல் கூறியது. விசாரணைக்கு வருமாறு போலீசார் அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பலாகாது என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த நோட்டீஸுக்கு வராதவர் கைதாகக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஹரியானா அரசு அவ்வுத்தரவை மாற்றக் கேட்டபோது, அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தாளைப் போலீசார் இன்றும் கையிலெடுத்துக்கொண்டு, உரியவர் வீட்டைத் தேடித்தான் போக வேண்டும்.