கழிவுநீர் குடிநீரான கதை: சிங்கப்பூரில் நீர்க் கல்வியின் வளர்ச்சி

சிங்கப்பூரில் கழிவுநீரைக் கையாளும் வேலை ஒரு துறையிடமும், தண்ணீரைப் பற்றி மக்களிடம் பேசும் வேலை வேறொரு துறையிடமும் நெடுங்காலம் இருந்தன. 1963இல் அமைக்கப்பட்ட பொதுப் பயனீட்டுக் கழகம் குடிநீரையும் மின்சாரத்தையும் எரிவாயுவையும் வழங்கியது. சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று வீடுகளுக்குச் சொல்லும் பொறுப்பும் அதனுடையதே. புதைசாக்கடையும் வடிகாலும் சுற்றுச்சூழல் அமைச்சின்கீழ் இயங்கின. அங்கே மக்களுக்குக் கற்பிப்பதற்கென்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கழிவுநீர் கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே அக்காலத்தில் நல்ல நிர்வாகத்தின் அளவுகோல். 2001 ஏப்ரலில் இந்த இரு பணிகளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் ஒன்றாயின. மழையாக விழுவது முதல் கழிப்பறை வழியாக வெளியேறுவது வரை நாட்டின் தண்ணீர் முழுவதும் ஒரே அமைப்பின் கைக்கு வந்தது. சுத்திகரித்த கழிவுநீரைக் குடிக்கலாம் என்று மக்களை ஏற்கவைத்த கல்விப் பணி இந்த இணைப்புக்குப் பிறகே உருப்பெற்றது. விளம்பரத் திறமையின் வெற்றியாக அது பெரும்பாலும் பேசப்படுகிறது. வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், அந்தக் கல்வி ஆலைக் கட்டுமானத்தின் ஓர் உறுப்பாகவே திட்டமிடப்பட்டது என்பதும், அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு அனுபவம் அதன் அடித்தளமாக இருந்தது என்பதும் விளங்கும்.

அந்த அனுபவத்தின் தொடக்கம் வாளிக் கழிப்பிடம். 1910களிலேயே நகரின் நடுப்பகுதியில் புதைசாக்கடை போடப்பட்டது என்றாலும், கடைவீடுகளிலும் கம்பம் எனப்படும் கிராமங்களிலும் மலக்கழிவை ஆட்கள் வாளியில் எடுத்துச் சென்ற முறை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. பக்கவாட்டில் 36 சிறு கதவுகள் கொண்ட லாரிகள் அந்த வாளிகளை ஏற்றிச் சென்றதை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக ஒவ்வொரு வீடும் புதைசாக்கடையோடு இணைந்தது. 1987 ஜனவரியில் வாளி முறை முற்றிலும் முடிவுக்கு வந்தது. ஆகவே 2002இல் கழிவுநீரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, கேட்டவர்களில் நடுவயதைத் தாண்டிய பலர் அந்த நாற்றத்தை நேரில் அறிந்தவர்கள். அது எப்படி ஒழிந்தது என்பதையும் கண்ணால் கண்டவர்கள். கழிவு குறித்து அரசு சொன்னதைச் செய்துகாட்டிய நினைவு அவர்களிடம் இருந்தது. எந்தத் துண்டறிக்கையாலும் உண்டாக்க முடியாத முதலீடு அது.

தண்ணீர்ப் பற்றாக்குறையின் நினைவும் அதற்கு இணையாக இருந்தது. 1963–64 வறட்சியில் மாதக்கணக்கில் தண்ணீர் பங்கிட்டு வழங்கப்பட்டது. எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூரிலிருந்து நீர் பெறுவதற்கான 1961, 1962ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் நாட்டின் உயிர்நாடி. முன்னது 2011இல் முடிந்தது, பின்னது 2061இல் முடியும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. 1971இல் தண்ணீர் சேமிப்பு இயக்கம் நாடு தழுவி நடந்தது. அதன் போதனை எளிமையானது: குழாயை மூடு, வீணாக்காதே. பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை.

அக்கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ஆற்றுத் தூய்மைப் பணி. சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் பத்து ஆண்டுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ 1977இல் இலக்கு வைத்தார். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைகள் கழிவுநீர் இணைப்புள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டன. ஆற்றோரக் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. 1987இல் பணி நிறைவெய்தியது. இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஆயினும் வீட்டிலும் கடையிலும் கொட்டுவது ஆற்றில் வந்து சேரும் என்ற பாடத்தை ஒரு தலைமுறை கண்முன்னே கற்றது.

கழிவுநீரை மீட்கும் தொழில்நுட்ப முயற்சி இதற்கெல்லாம் முன்பே ஒருமுறை தோற்றிருந்தது. 1974இல் அமைத்த சோதனை ஆலை 14 மாதங்களில் மூடப்பட்டது. நீரை வடிகட்டும் அக்காலச் சவ்வுகளின் விலை அதிகம், நம்பகத்தன்மை குறைவு. சவ்வுத் தொழில்நுட்பம் முதிர்ந்த பிறகு 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. பிடோக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்தில் நாளொன்றுக்கு 10,000 கனமீட்டர் நீர் தரும் செயல்விளக்க ஆலை 2000ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கியது. நுண்வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என மூன்று கட்டங்கள். உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் அடங்கிய குழு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த நீரைச் சோதித்தது. எலிகளுக்கும் மெடாக்கா மீன்களுக்கும் அந்த நீரைக் கொடுத்து, உடல்நல விளைவு ஏதேனும் தெரிகிறதா என்றும் பார்த்தது. நீர் பாதுகாப்பானது என்ற முடிவு 2002இல் வெளியானது. மக்களிடம் செல்லும் பணி முழுவீச்சில் தொடங்கியது அதன் பிறகுதான். இந்த வரிசை முக்கியமானது. ஆலை இயங்கிக்கொண்டிருந்தது, சோதனை முடிவுகள் கையில் இருந்தன. கேள்வி கேட்டவருக்குக் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது.

வேறு நாடுகளில் நேர்ந்தவையும் பொறியாளர்களின் நினைவில் இருந்தன. அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் சுத்திகரித்த கழிவுநீரை நீர்த்தேக்கத்தில் கலக்க வகுத்த திட்டத்தை, பொதுமக்களின் எதிர்ப்பால் 1999இல் கைவிட்டது. கழிப்பறையிலிருந்து குழாய்க்கு என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் ஒன்றே பல ஆண்டு ஆய்வைத் தோற்கடித்தது. மறுபுறம் வர்ஜீனியாவின் ஆக்கோக்வான் நீர்த்தேக்கத்தில் 1978 முதல் சுத்திகரித்த கழிவுநீர் கலந்துவந்தது, நமீபியாவின் விண்டுக் நகரம் 1968 முதலே அதைக் குடிநீராக்கி வந்தது. சிங்கப்பூர்ச் செய்தியாளர்களை அமெரிக்காவில் இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்ட பொதுப் பயனீட்டுக் கழகம் ஏற்பாடு செய்தது. பிற நாட்டினர் ஆண்டுக்கணக்கில் குடிப்பதை நேரில் கண்டவர்களின் எழுத்து, அதிகாரியின் உறுதிமொழியைவிட எடை கூடியதாக இருந்தது.

2002ஆம் ஆண்டின் இயக்கத்தில் சொற்களும் மாறின. நீருக்கு நியூவாட்டர் என்று பெயர் சூட்டப்பட்டது, தமிழில் அது புதுநீர் என்றும் வழங்கலாயிற்று. கழிவுநீர் என்பதற்குப் பதில் பயன்படுத்திய நீர் என்று சொல்லும் வழக்கத்தையும், சுத்திகரிப்பு ஆலைகளை நீர் மீட்பு ஆலைகள் என்று அழைக்கும் வழக்கத்தையும் கழகம் கொண்டுவந்தது. இதை வெறும் பூச்சு என்று ஒதுக்குவதில் பாதி உண்மையே உண்டு. நீரின் மூலம் மறைக்கப்படவில்லை. அது வீடுகளின் கழிவுநீரிலிருந்து வருகிறது என்பது விளக்கக் கூட்டங்களிலும் ஓர் ஆவணப்படத்திலும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. சமூக மன்றங்களிலும் அடித்தள அமைப்புகளிலும் பள்ளிகளிலும் விளக்கங்கள் நடந்தன. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்கும் நாட்டில், எதிர்ச்சவ்வூடு பரவலைப் போன்ற ஒரு முறையைப் பாட்டிக்கும் பேரனுக்கும் அவரவர் மொழியில் புரியவைப்பது சிறு வேலையன்று. மொழிபெயர்த்த துண்டறிக்கையோடு நின்றுவிடாமல், ஆள் நேரில் நின்று பதில் சொன்ன கூட்டங்களே இதில் மிகுந்த பயன் தந்திருக்க வேண்டும்.

புட்டி இந்த இயக்கத்தின் மையப் பொருளாயிற்று. பொதுப் பயனீட்டுக் கழகம் நியூவாட்டரைப் புட்டிகளில் அடைத்து இலவசமாக வழங்கியது, விற்பனைக்கு விடவில்லை. பிரதமர் கோ சோக் டோங் செய்தியாளர்கள் முன்னிலையில் அதைக் குடித்தார். 2002 ஆகஸ்ட் 9ஆம் தேதி தேசிய தின அணிவகுப்பில், காலாங்கில் இருந்த தேசிய விளையாட்டரங்கில், ஏறத்தாழ 60,000 பேர் ஒரே நேரத்தில் புட்டியை உயர்த்தி அருந்தினர். தலைவர்கள் குடித்துக் காட்டுவது எல்லா நாடுகளிலும் நடப்பதுதான். சாதாரண மக்கள் குடும்பத்தோடு அமர்ந்து, அக்கம்பக்கத்தார் பார்க்க, தாங்களே குடித்தது வேறுவகைச் செயல். அருவருப்பு தருக்கத்தால் விலகுவதில்லை. ஒருமுறை பழகிய நாக்கு அதை ஓரளவு விலக்குகிறது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஃபோர்ப்ஸ் ரிசர்ச் நிறுவனம் நடத்திய கருத்தாய்வில் 98 விழுக்காட்டினர் நியூவாட்டரை ஏற்றனர். 82 விழுக்காட்டினர் நேரடியாகவே குடிப்போம் என்றனர், 16 விழுக்காட்டினர் நீர்த்தேக்க நீரில் கலந்து வந்தால் குடிப்போம் என்றனர். இந்த எண்களைக் கவனத்தோடு படிக்க வேண்டும். இயக்கம் உச்சத்தில் இருந்தபோது கேட்கப்பட்ட கேள்வி அது. ஊடகங்கள் அரசின் நிலைப்பாட்டோடு பெரிதும் ஒத்துச்சென்ற சூழலில், திட்டத்தை எதிர்த்து அமைப்பாகத் திரண்ட குரல் எழவில்லை. மேலும் மக்கள் ஏற்க வேண்டியிருந்த மாற்றமும் சிறியது. நியூவாட்டரின் பெரும்பகுதி மிகத் தூய நீர் தேவைப்படும் மின்னணுச் சில்லு உற்பத்தி ஆலைகளுக்கே சென்றது. 2003இல் நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டது நாளாந்தக் குடிநீர்த் தேவையில் ஒரு விழுக்காடு அளவே. அந்தக் கலவையும் வழக்கமான சுத்திகரிப்பைக் கடந்தே குழாய்க்கு வந்தது. இவ்வளவு சொன்ன பிறகும், பெருங்குழப்பமின்றி ஒரு நாடு இதை ஏற்றது என்பது குறையாத சாதனை.

கல்விப் பணிக்கு நிலையான இடம் கிடைத்தது 2003 பிப்ரவரியில். அம்மாதம் நியூவாட்டர் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டபோது பிடோக் ஆலையோடு ஒட்டிய பார்வையாளர் நிலையமும் திறக்கப்பட்டது. ஆலையைக் கட்டிய பிறகு ஒரு காட்சிக்கூடத்தைச் சேர்க்கவில்லை, இரண்டும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டன. கட்டணம் இருக்கவில்லை. வழிகாட்டியோடு சென்றவர் நடைபாதையில் நின்று கண்ணாடி வழியே சவ்வுக் குழாய்கள் வரிசை வரிசையாக இயங்குவதைப் பார்க்க முடிந்தது. மாதிரியோ படமோ அன்று, அன்றைய நீரை அன்று சுத்தம் செய்யும் உண்மையான கருவிகள். சவ்வின் துளை எவ்வளவு நுண்ணியது, நுண்கிருமி ஏன் அதில் நுழைய முடியாது என்பவற்றைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் காட்சிப்பொருள்கள் விளக்கின. பள்ளிகளின் கற்றல் பயணங்களில் இந்நிலையம் இடம்பிடித்தது. முடிவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புட்டி. இந்த அமைப்பின் நுட்பம் பொறியாளர்களையும் கட்டுப்படுத்தியதில் இருக்கிறது. பொதுமக்கள் நாள்தோறும் பார்க்கும் ஆலை எந்நாளும் பார்க்கத்தக்க நிலையில் இருந்தாக வேண்டும்.

இதன் மதிப்பை ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரோடு ஒப்பிட்டு அறியலாம். கடும் வறட்சியின் நடுவே, சுத்திகரித்த கழிவுநீரை அணையில் சேர்க்கும் திட்டம் 2006 ஜூலையில் அங்கே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சுமார் 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அங்கு எதிர்ப்பு இயக்கம் முன்கூட்டியே திரண்டுவிட்டது. மக்கள் சென்று பார்க்கவும் பருகிப் பார்க்கவும் ஊரில் ஆலை இருக்கவில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி இதற்கு நேர்மாறு. 2008இல் நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் ஆலை திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள நீர் மாவட்டமும் கழிவுநீர் மாவட்டமும் சங்கம் சங்கமாகச் சென்று பேசின. சிங்கப்பூரின் அரசியல் சூழலை மட்டும் காரணம் காட்டுவோருக்கு ஆரஞ்சு கவுண்டி தகுந்த பதில்.

2000களின் நடுவிலிருந்து கழகத்தின் கல்விப் பணி நியூவாட்டரைத் தாண்டி விரிந்தது. நீர்த்துளி வடிவிலான வாட்டர் வாலி என்ற அடையாளச் சின்னம் 2005இல் சிறுவர்களிடம் அறிமுகமானது. கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் பூங்காக்களோடு இணைக்கும் திட்டம் 2006இல் தொடங்கியது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டதும் நகரின் நடுவிலேயே ஒரு நீர்த்தேக்கம் உருவானது. பள்ளிகளில் குழாயை அடைத்து வாளியில் நீர் பங்கிடும் ஒத்திகையும் நடத்தப்பட்டது. பற்றாக்குறையை அறியாமல் வளரும் தலைமுறைக்கு அது நல்ல பாடம். ஒருவரின் அன்றாட வீட்டு நீர்ப் பயன்பாடு 2003இல் 165 லிட்டராக இருந்து 2018இல் 141 லிட்டராகக் குறைந்தது. கட்டண உயர்வும் சிக்கனக் கருவிகளும் இதில் பங்கு கொண்டன, கல்வியின் பங்கை மட்டும் பிரித்து அளக்க முடியாது. நியூவாட்டர் குறித்த தகவல் பணிக்காகக் கழகம் 2014இல் ஐக்கிய நாடுகள் நீர் அமைப்பின் விருதைப் பெற்றது.

இத்தனை புகழுக்கும் நடுவே பின்தங்கிய பாடம் ஒன்று உண்டு: புதைசாக்கடையில் எதைப் போடக்கூடாது என்பது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் புதைசாக்கடையும் முற்றிலும் தனித்தனி. வடிகாலில் எறிந்த குப்பை நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகும், கழிப்பறையில் போட்டது நீர் மீட்பு ஆலைக்குப் போகும். இந்த வேறுபாட்டை அறியாமல் கடைக்காரர் சிலர் வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்றுகிறார்கள். சமையல் எண்ணெய் குழாயில் உறைகிறது, ஈரத் துடைப்புத் தாள் மட்காமல் அடைக்கிறது. கழகம் இவற்றைப் பற்றியும் எச்சரிக்கைகள் வெளியிடுகிறது. ஆனால் அவற்றில் புட்டியின் கவர்ச்சி இல்லை, அணிவகுப்பின் உற்சாகமும் இல்லை. நீர் மீட்பைப் பொறுத்தவரை இதுவே ஆணிவேர். ஒரு தொழிற்சாலை கரைப்பான் வேதிப்பொருளைச் சட்டவிரோதமாகப் புதைசாக்கடையில் விட்டால், ஆலையின் நுண்ணுயிர்களும் சவ்வுகளும் பாதிக்கப்படும். அதனால்தான் கட்டுப்பாடும் கண்காணிப்புக் கருவிகளும் தண்டனையும் கல்வியோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நியூவாட்டரில் வடித்த நியூபுரூ என்ற பீர் 2022 ஏப்ரலில் கடைகளுக்கு வந்தது. இலவசப் புட்டியில் தொடங்கிய நீர் இருபது ஆண்டுகளில் காசு கொடுத்து வாங்கும் பானத்தின் மூலப்பொருளாகவும் ஆகிவிட்டது. பிடோக் பார்வையாளர் நிலையம் 2024 ஜூலை இறுதியில் மூடப்பட்டது. ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு கிழக்கே சாங்கியிலும் மேற்கே துவாஸிலும் பெரிய ஆலைகளில் நீரைக் குவிக்கும் திட்டத்தால், தீவின் பல பகுதிகளில் இருந்த பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஆலைகள் குடியிருப்புகளை விட்டு விலகிச் செல்வது நிலத்துக்கு லாபம். பள்ளிப் பேருந்து எளிதாகச் சென்று சேரும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் ஆலை அவற்றில் ஒன்றாவது இருக்குமாறு பார்த்துக்கொள்வது, இனி கழகம் திட்டமிட்டே செய்ய வேண்டிய வேலை.