கணவனின் இசைவு: கொடை விந்தும் 2021 சட்டமும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் எழுந்த எதிர்ப்பும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் நிறையப் பேசப்பட்டுவிட்டன. சாதி, திருவிழா, எழுத்துரிமை என்று விரிந்த அந்த விவாதத்தில் கதையின் முடிச்சு பின்னுக்குப் போய்விட்டது. குழந்தையில்லாத பொன்னாவை, வேறோர் ஆணின் வழியே பிள்ளை பெறத் திருவிழாவுக்கு அனுப்புவதில் அவள் கணவன் காளிக்கு உடன்பாடில்லை. அவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லியே பொன்னாவை அனுப்புகிறார்கள். கொடை விந்து குறித்த இன்றைய நடைமுறையும் கணவனின் இசைவு என்ற இதே இடத்தில்தான் தடுமாறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விந்தில் உயிரணுவே இல்லாத நிலை நூற்றில் ஏறத்தாழ ஓர் ஆணுக்கு உண்டு. காரணம் அடைப்பு என்றால் விரையிலிருந்தே அணுவை எடுக்கலாம். 1992-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்த இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே அணு போதும். ஒய் குரோமோசோமில் ‘ஏஇசட்எஃப்ஏ’ பகுதி முழுவதும் இல்லாதவருக்கோ அறுவை செய்தும் பயனில்லை. இந்த வேறுபாடு தெளிவாகுமுன் ‘டோனர்’ பேச்சை எடுப்பது முறையன்று. ஆனால் நடப்பது என்ன? ஸ்கேன், ஹார்மோன், குழாய்ப் பரிசோதனை என்று மனைவியை அலைக்கழித்த பிறகே பல குடும்பங்களில் கணவன் மலிவான, எளிய விந்துப் பரிசோதனைக்கு வருகிறான். இழந்த ஆண்டுகளை ஈடுகட்டும் அவசரத்தில், அறிக்கை தந்த அதிர்ச்சி ஆறுமுன்னே அவன் முன் படிவம் நீட்டப்படுகிறது.

செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் (2021) சில சிக்கல்களைச் சரியாகவே தீர்த்திருக்கிறது. கொடையாளர் 21 முதல் 55 வயதுக்குட்பட்டவர். ஒருவரது விந்தை ஒரு தம்பதிக்கு மேல் வங்கி தரக்கூடாது. பிறக்கும் குழந்தை அத்தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. எழுத்து மூலமான ஒப்புதலும் ஆலோசனையும் கட்டாயம். ஆயினும் ஆலோசனைக்கும் ஒப்பத்துக்கும் நடுவே இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. கணவனைத் தனியே அழைத்துக் கேட்கவும் சொல்லவில்லை. மனைவியும் மாமியாரும் பார்த்திருக்க இடும் ஒப்பத்தை இசைவு என்று ஏற்க என்னால் முடியவில்லை.

இப்படிப் பெறும் ஒப்பத்துக்கு விலை ரகசியம். அதைக் கட்டிக் காப்பவள் பெரும்பாலும் மனைவி. குறை தன்னுடையது என்ற பழியையும் சேர்த்தே சுமக்கிறாள். மகாபாரதத்திலோ, பிறர் வழியே பிள்ளை பெறும்படி பாண்டு தானே மனைவி குந்தியிடம் கேட்டுக்கொண்டான். பாண்டவர் பிறப்பை இதிகாசம் ஒளிக்கவுமில்லை. நம் சட்டத்திலோ, மருத்துவ அவசரத்தில் பெற்றோர் கேட்டாலோ நீதிமன்றம் ஆணையிட்டாலோ மட்டுமே கொடையாளர் விவரம் வெளிவரும். வளர்ந்த பிள்ளை கேட்பதற்கு அதில் வழி இல்லை. சுவீடன் 1985 முதலும் பிரிட்டன் 2005 முதலும் அந்த வழியைத் திறந்துவிட்டன. மரபணுச் சோதனை அஞ்சலில் வரும் காலத்தில் தந்தையின் ரகசியம் பிள்ளையிடம் எவ்வளவு நாள் நிற்கும்?

எனவே சட்டத்தின் விதிகளில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். கணவனுக்குத் தனி ஆலோசனையும், அதன்பின் குறிப்பிட்ட கால இடைவெளியும் கட்டாயமாக வேண்டும். பதினெட்டு வயதான பிள்ளைக்குக் கொடையாளரின் மருத்துவ விவரங்களையாவது, பெயர் நீக்கி, கேட்டுப் பெறும் உரிமை வேண்டும். பத்தாண்டுக்குப் பின் பதிவேடுகள் தேசியப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்லியிருப்பதால், இரண்டாவதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.