தச்சரின் பங்கும் கூலியும்

தச்சரின் ஊதியம் எக்காலத்தும் ஒரு சீராய் இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 1014ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டே இதற்குச் சான்று. அங்கு ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். தலைமை தாங்கிய குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனுக்கு மிகுதியும், உடன் பணிசெய்தோர்க்கு முக்கால் பங்கும் வகுத்தனர். தச்சர் என்னும் சொல் கல்தச்சரையும் தழுவியது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பணியாளர் இறப்பினும் வேற்றுநாடு செல்லினும் பங்கு உறவினர்க்கே உரியது. அவர் தொழிலறியாராயின், அறிந்தாரை அமர்த்திப் பங்கைப் பெறலாம்.

1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழ்க் கைவினைஞரும் இங்குக் குடியேறினர். தண்டின் பங்களாக்களில் சாளரங்களுக்கு மேல் மரப்பட்டிகளால் அமைந்த கூர்முகடுகள் தச்சுத் திறத்தின் எச்சங்கள். ஆயின், நாட்கூலிக்கு உழைத்தவர்க்கு வேலை நின்ற நாளில் கூலியும் நின்றது.

நாற்காலி இழைப்பவர் கூலி வேறு. கட்டடத்துக்குப் பலகை அடைப்பவர் கூலி வேறு. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வேலைக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப விகிதம் வேறுபட இடந்தந்தது. திறனுக்கேற்ற ஏற்றத்தாழ்வு பழையது. அதனை நாம் குறை கூறோம். பெயர்ந்து சென்றவன் குடும்பத்தையும் மறவாத அந்தப் பழைய நெறியே, பெயர்ந்து வந்த நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.